எந்த முடிவு முதலில்?

கேள்வி: அக்கா, எனக்கு 37 வயது, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள். அம்மா சினைப்பைப் புற்றுநோயில் 51 வயதிலேயே போய்விட்டார். போன வருடம் என் மூத்த சகோதரிக்கு மார்பில் கட்டி வந்து, மரபணு சோதனை செய்ததில் பிஆர்சிஏ1 (BRCA1) மாற்றம், அதாவது மார்பு, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிற மரபணு மாற்றம் என்றார்கள். எனக்கும் எடுத்துப் பார்த்தார்கள், எனக்கும் இருக்கிறது. இரண்டு மார்பையும் எடுத்துவிடலாம், சினைப்பையையும் எடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். மார்பை எடுத்தால் நான் எப்படி இருப்பேன், கண்ணாடியில் எப்படிப் பார்ப்பேன், பிள்ளைகளிடம் என்ன சொல்வேன் என்று ராத்திரி தூக்கமே இல்லை. "நோயே வராத உடம்பை எதற்கு வெட்ட வேண்டும்" என்கிறார் வீட்டுக்காரர். மாமியாருக்கு இன்னும் தெரியாது. என்ன செய்யட்டும்? (ஈசூன் வாசகி)

பதில்: செய்யுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை தங்கச்சி. மார்பகப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், டாக்டர் இல்லை. ஆனால் உங்கள் கடிதம் முழுக்க மார்பைப் பற்றிய பயம்தான் இருக்கிறது, அம்மாவைக் கொண்டுபோன சினைப்பையோ ஒரே வரியில் வந்து போய்விட்டது. பெரும்பாலான பெண்கள் இப்படித்தான். வெளியே தெரிகிற உறுப்பின் மேல்தான் கவலை போகும். மருத்துவக் கணக்கில் பார்த்தால் உங்களுக்கு இது தலைகீழ்.

பிஆர்சிஏ1 உள்ள பெண்களில் 100க்கு சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது, சினைப்பைப் புற்றுநோய் சுமார் 44 பேருக்கு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மார்புதான் பெரிய ஆபத்து. ஆனால் மார்பைக் கண்காணிக்க வழி இருக்கிறது. வருடம் ஒருமுறை எம்ஆர்ஐ, கூடவே மேமோகிராம் என்று விடாமல் பார்த்துவந்தால், வந்தாலும் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். (பிடிப்பது வேறு, வராமல் தடுப்பது வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன், சின்னக் கட்டிக்கும் கீமோ தேவைப்படலாம்.) சினைப்பைக்கு அப்படி நம்பகமான கண்காணிப்பு எதுவும் கிடையாது. அல்ட்ராசவுண்டும் சிஏ125 ரத்தப் பரிசோதனையும் லட்சக்கணக்கான பெண்களை வைத்துப் பிரிட்டனில் பார்த்தார்கள், இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. வயிறு கொஞ்சம் உப்பினாற்போல் இருக்கிறது, பசிக்கவில்லை, வாயுவாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் பரவியிருக்கும். அம்மாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் பிஆர்சிஏ1 உள்ளவர்கள் பிள்ளை பெற்று முடித்தபின் 35க்கும் 40க்கும் இடையில் சினைப்பை, சினைக்குழாய் இரண்டையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். இந்தப் புற்றுநோய் பல சமயம் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது, ஆகவே குழாயையும் சேர்த்தே எடுப்பார்கள். உங்களுக்கு 37. அவசரம் என்று பயமுறுத்தவில்லை, தள்ளிப்போட நிறைய வருடங்கள் இல்லை என்கிறேன். இனி பிள்ளை வேண்டாம் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டீர்களா? முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன், பலர் மறுநாளே வீட்டுக்குப் போய்விடுவார்கள். கஷ்டம் அதற்குப் பிறகு. மாதவிடாய் படிப்படியாக நிற்காது, ஒரே நாளில் நின்றுவிடும். திடீரென்று உடம்பு சூடேறி நைட்டி நனைகிற அளவுக்கு வேர்க்கும், தூக்கம் கெடும், தாம்பத்தியத்தில் வறட்சி, எரிச்சல், வருடங்கள் போகப் போக எலும்பும் இதயமும் கொஞ்சம் பலவீனமாகலாம். இதை எந்த மாமியாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார், வெளியே கட்டு எதுவும் தெரியாதே! ஆனால் மார்பகப் புற்றுநோய் வராதவர்களுக்கு, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை ஹார்மோன் மருந்து கொடுப்பது உண்டு. உங்களுக்குக் கொடுக்கலாமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள், பின்னால் அவதிப்பட்டுக் கேட்க வேண்டாம்.

ஏஞ்சலினா ஜோலி விஷயம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், 2013ல் மார்பை எடுத்ததாக அவர் எழுதியது இங்கே தேக்கா காப்பிக்கடை வரை பேச்சானது. 2015ல் சினைப்பையையும் எடுத்தார், அது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, மார்புக்கு வருகிறேன். எடுத்துவிட்டால் ஆபத்து 90 சதவீதத்துக்கு மேல் குறைகிறது, அது பெரிய நிம்மதிதான். பலருக்குத் தோலையும், முடிந்தால் காம்பையும் வைத்துவிட்டு உள்ளே உள்ள திசுவை மட்டும் எடுத்து, அதே சமயத்தில் செயற்கைப் பையோ வயிற்றுத் திசுவோ வைத்து உருவம் கொடுக்கிறார்கள். ஆடை போட்டால் வித்தியாசம் தெரியாது. தொட்டால் உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது, இதை யாரும் அழுத்திச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். செயற்கைப் பையைப் பிற்பாடு மாற்ற வேண்டியும் வரலாம். முதல் சில நாள் இரண்டு பக்கமும் டியூபோடு சின்னச் சின்னப் பாட்டில்கள் தொங்கும். அவற்றைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கணவர் தினமும் எத்தனை மில்லி வந்தது என்று பிள்ளையின் பழைய நோட்டில் குறித்துவைக்க, அப்படி வார்டுக்குத் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கையைத் தலைக்கு மேல் தூக்கவும் பிள்ளையைத் தூக்கவும் வாரக்கணக்கில் ஆகும், வீட்டில் யார் உதவுவார்கள் என்று இப்போதே பாருங்கள். இந்த ஆபரேஷனை நீங்கள் இந்த வருடமே முடிவு செய்தாக வேண்டும் என்றில்லை. எம்ஆர்ஐ தேதியைத் தவறவிடாத வரைக்கும் ஒன்றிரண்டு வருடம் யோசிக்கிறவர்கள் உண்டு, கடைசி வரை எடுக்காமல் கண்காணிப்பிலேயே இருக்கிறவர்களும் உண்டு. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் ஒரு வாரம் சோறு இறங்காதவர் நீங்கள் என்றால், அதுவும் கணக்கில் சேர வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் பேச்சில் தப்பில்லை, அவர் பார்ப்பது நோயில்லாத மனைவியை. அவரிடம் வீட்டில் வாதாடாதீர்கள், மரபணு ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள், கேள்வியை அவரே கேட்கட்டும். மாமியாரிடம் ஆபரேஷன் தேதி வந்தபின் சொன்னால் போதும். பிள்ளைகளுக்கு இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம், வளர்ந்தபின் அவர்களே முடிவு செய்வார்கள். மெடிசேவ் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு), காப்புறுதி இரண்டிலும் எது எவ்வளவு கொடுக்கும் என்பதைத் தேதி குறிக்கும் முன்னரே மருத்துவமனையின் செலவு ஆலோசனைப் பிரிவில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என் தங்கைக்கு அதே வகையான பிஆர்சிஏ2 மாற்றம் என்று வந்திருக்கிறது. நான் ஆண், எனக்கு எதற்குச் சோதனை? (உட்லண்ட்ஸ் வாசகர், 45)

பதில்: உங்களுக்கு மகள் இருக்கிறாளா? அப்பா வழியாகவும் இது சமமாகவே இறங்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகள் இல்லாவிட்டாலும் பிஆர்சிஏ2 உள்ள ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் ஆபத்து கூடுதல், அபூர்வமாக மார்பிலும் வரும். தங்கையின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும்.

கேள்வி: வயது 27, பிஆர்சிஏ1 இருக்கிறது. வரன் பார்க்கிறார்கள். சொல்லாதே, கல்யாணம் நின்றுவிடும் என்கிறார் அம்மா. காப்புறுதியும் கிடைக்காதாமே? (புக்கிட் பாத்தோக் வாசகி)

பதில்: காப்புறுதி விஷயத்தில் பாதிதான் உண்மை. 2021 அக்டோபரில் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. நோய் வரும் முன் எடுத்த மரபணு சோதனையின் முடிவை வைத்து நிறுவனங்கள் பொதுவாக உங்களை மறுக்கவோ கட்டணத்தைக் கூட்டவோ கூடாது, பெரிய தொகைப் பாலிசிகள் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்பார்கள், அதற்கு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வரன் பார்க்க வரும் எல்லாரிடமும் சொல்லத் தேவையில்லை, பயோடேட்டாவில் போடுகிற விஷயமில்லை இது. ஆனால் இரண்டு பேருக்கும் பிடித்து, தாலி கட்டும் பேச்சு வரும் முன் அவருக்குத் தெரிய வேண்டும். பிள்ளை எப்போது பெறுவது என்பதையே இது மாற்றும், அதைக் கல்யாணத்துக்குப் பின் தெரிந்துகொண்டால் அவர் மறைத்துவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார். இங்கே 2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயது வரையுள்ள பெண்கள் மருத்துவக் காரணம் இல்லாமலேயே கருமுட்டையை உறைய வைக்கலாம், பயன்படுத்துவது சட்டப்படி திருமணம் ஆனபின்தான். அதையும் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். அம்மா இதைச் சொல்ல விடாவிட்டால், ஆலோசகரிடம் அடுத்த முறை போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். அவருக்கே இந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?