கையெழுத்துக்கு மட்டும் ஆள் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் கட்டுரைகளை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருக்கிறேன். பெங்களூரில் ட்ரெயினிங், புனே ராணுவப் பொறியியல் கல்லூரியில் (சி.எம்.இ.) கோர்ஸ், அதற்குப் பிறகு பெரும்பாலும் பாம் டிஸ்போசல், குண்டைச் செயலிழக்க வைக்கிற வேலைதான். வருகிற மார்ச்சில் பென்ஷன் வருகிறேன்.

வீட்டில் ‘பாலம் கட்டுகிற ரெஜிமென்ட்’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். பாங்கில் கன்மேன் வேலைக்குப் பாருங்கள் என்கிறாள் மனைவி. மச்சினன் ராதாபுரம் பக்கம் ஒரு குவாரியில் சூப்பர்வைசர். “அத்தான், உங்களுக்குத்தான் வெடி தெரியும்லா. பிளாஸ்டர் சர்டிபிகேட்டை மட்டும் வாங்கிருங்க. மாசம் ஒரு தொகை வீட்டுக்கு வந்துரும், டெய்லி வரக்கூட வேண்டாம்” என்கிறான். கூட இருந்த ஒருவர் வெளிநாட்டில் கண்ணிவெடி எடுக்கிற வேலைக்குப் போயிருக்கிறார். எனக்கு இதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது, அந்தக் கவலையில் தூக்கம் வருவதில்லை. போன திருநெல்வேலி ஆனித் தேருக்கு லீவில் வந்திருந்தேன். வாகையடி முக்கில் ஆளில்லாமல் கிடந்த ஒரு பையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன், தேரைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

(பெயரும் ஊரும் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

மச்சினன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதியிருக்கிற மூன்று வழிகளில் எனக்குப் பயம் தருவது அதுதான்.

சட்டத்தின் கண்ணில் கல்குவாரியும் சுரங்கம். அங்கே வெடி வைக்க டி.ஜி.எம்.எஸ். என்கிற சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் சான்றிதழ் வேண்டும். தலைமையகம் தன்பாத்தில் இருக்கிறது. பிளாஸ்டர் (வெடி வைப்பவர்), மேட், ஃபோர்மேன் என்று படிப்படியாகத் தேர்வு உண்டு. சுரங்கத்துக்கு வெளியே கிணறு தோண்டவோ ரோடு போடவோ வெடி வைப்பதென்றால், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்கிற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு கொடுக்கிற ஷாட்ஃபயரர் பெர்மிட் வேண்டும். இன்றைக்கு எத்தனை குழி, எத்தனை கிலோ மருந்து, எத்தனை கேப்பு (டெட்டனேட்டர்) என்பதெல்லாம் சான்றிதழ்க்காரரின் பொறுப்பு. ஆனால் நம் பக்கத்துச் சில குவாரிகளில் கையெழுத்து ஒருவருடையதாக இருக்கும், குழியில் மருந்து இறக்குகிறவர் வேறொருவராக இருப்பார். அவர் கைப்பழக்கத்தில் தேர்ந்தவர், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அசம்பாவிதம் ஒன்றும் நடக்காதவரை இந்த ஏற்பாடு எல்லோருக்கும் சௌகரியம். நடந்துவிட்டால் போலீஸ் தேடி வருவது கையெழுத்துக்காரரை. மச்சினன் ‘டெய்லி வரக்கூட வேண்டாம்’ என்று சலுகைபோலச் சொல்கிறார். பாம் டிஸ்போசலில் இருந்த ஒருவருக்கு அதைக் கேட்டதும் காது கூசியிருக்க வேண்டும். உங்களுக்கும் கூசியிருக்கும், இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஆலங்குளம் பக்கத்தில் ஒரு குவாரியில் சாயங்கால வெடியை நின்று பார்த்திருக்கிறேன். குழிகளில் மருந்து இறக்கி, கேப்பு ஒயர்களை இணைத்து, விசில் அடித்தாகிவிட்டது. வண்டிப் பாதையில் ஒரு பையன் சிவப்புக் கொடியோடு நிற்கிறான், பதினெட்டு வயதுதான் இருக்கும். பைக்கில் வந்தவர் கறிவேப்பிலைக் கட்டோடு வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறார். “ஒரு நிமிசந்தானல, அந்தப் பக்கம் போயிருதேன்” என்கிறார். பையன் கொடியை ஆட்டுகிறான். அவர் கொடியைக் கண்டுகொள்ளவில்லை, வண்டியை உருட்டிக்கொண்டே வருகிறார். கடைசியில் மேஸ்திரி ஓடிவந்து கெட்ட வார்த்தையில் திட்டிய பிறகுதான் நின்றார். வெடித்து முடிந்ததும் பைக்கில் வந்தவர் அந்தப் பையனைப் பார்த்து, “பெரிய கலெக்டரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டாளத்தில் நீங்கள் கை காட்டினால் கர்னலும் நிற்பார். சிவில் வாழ்க்கையில் அப்படி ஒரு கோடே கிடையாது. இங்கே வந்து நீங்கள் பழக வேண்டியவற்றில் கடினமானது அதுதான் என்று நினைக்கிறேன்.

வேறு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பொருள் கிடக்கிறது என்று தகவல் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் ஜனங்களை விலக்குவீர்கள். ரோபோவை அனுப்ப முடியுமானால் அனுப்புவீர்கள், ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ‘தக்ஷ்’ அதற்காகத்தான் செய்யப்பட்டது. பக்கத்தில் இரண்டாவது ஒன்று வைத்திருக்கிறானா என்று உங்கள் காலடியிலிருந்தே தேட ஆரம்பிப்பீர்கள். காத்திருக்க வேண்டிய நேரம் முழுவதும், மேலதிகாரி எத்தனை முறை போன் அடித்தாலும், காத்திருப்பீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள சூட்டை மாட்டிக்கொண்டு ஒரே ஒருவர் போவார், கூட்டமாகப் போவது கிடையாது. எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுவீர்கள். வாங்கிய டெட்டனேட்டர் இத்தனை, செலவானது இத்தனை, திரும்ப ஒப்படைத்தது இத்தனை என்று கணக்கு நேராக வேண்டும். இதில் வெடிமருந்து அறிவு கால்வாசி இருக்குமா? மிச்சமெல்லாம் அவசரப்படாமல் இருப்பது, தொடாமல் இருப்பது, எழுதி வைப்பது. நம் ஊரில் ஒரு தொழிற்சாலையிலும் இதற்கு ஆள் உபரியாக இல்லை.

இன்னொன்றும் உங்களிடம் இருக்கிறது. பென்ஷன். குவாரியிலோ ஆலையிலோ சம்பளத்தை மட்டும் நம்பி வேலை பார்க்கிற சூப்பர்வைசர், முதலாளி கண்ணைப் பார்த்து ‘இன்னைக்கு வெடி கிடையாது’ என்று சொல்வது லேசில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. உங்களால் சொல்ல முடியும். ஆகவே எந்த வேலைக்குப் போனாலும் சம்பளத்துக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: ‘நான் நிறுத்து என்றால் நிற்குமா?’ குவாரிக்காரர் ஆம் என்றால், தினமும் வருவேன், மருந்து இறக்கும்போது பெஞ்சில், அதாவது வெட்டிய பாறைப் படியில், நிற்பேன் என்று சொல்லிப் பாருங்கள். சர்டிபிகேட்டுக்கு வாடகை கொடுக்க நினைக்கிறவர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்.

அப்படி ஒரு நல்ல இடம் கிடைத்தாலும் ‘எனக்குத்தான் வெடி தெரியுமே’ என்று போகாதீர்கள். நீங்கள் பழகியது ராணுவ மருந்து. குவாரியில் புழங்குவது அம்மோனியம் நைட்ரேட்டில் டீசல் கலந்தது, எமல்ஷன், ஸ்லர்ரி வகைகள். உங்கள் வேலை ஒரு பொருளைச் செயலிழக்க வைப்பது. அவர்கள் வேலை பாறையை லாரியில் ஏற்றுகிற அளவுக்கு உடைப்பது, அதுவும் கல் பறக்காமல். குழிக்கும் பாறை முகத்துக்கும் நடுவே எவ்வளவு விட வேண்டும், குழிக்குக் குழி எவ்வளவு, எந்தக் குழி முதலில் வெடிக்க வேண்டும் என்பது தனிப் படிப்பு. பாறையும் தனிப் படிப்புதான். 2022 மே மாதம் முன்னீர்பள்ளம் பக்கத்து அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நாலு பேர் பிழைக்கவில்லை. படிப்படியாகப் பெஞ்ச் விட்டு வெட்ட வேண்டிய இடத்தைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கோர்ஸில் பாடம் கிடையாது.

குவாரியைச் சுற்றியுள்ள ஊர்களில் சுவர் விரிசல் பஞ்சாயத்து ஓயாமல் நடக்கும், கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிர்வுக்கு டி.ஜி.எம்.எஸ். 1997 சுற்றறிக்கையிலேயே அளவு வைத்திருக்கிறது. சுரங்கக்காரருக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடு என்றால், 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண்ணில் விநாடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கருவியை வைத்து அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் ஊர்க்காரர் விரிசலைக் காட்டிக் கத்துவார், குவாரிக்காரர் பர்மிட்டைக் காட்டிக் கத்துவார், அளக்க மட்டும் ஆள் இருக்காது. இரண்டு பக்கமும் நம்பக்கூடிய ஒருவர், கருவியைப் படிக்கத் தெரிந்தவர், பக்கத்து ஊர்க்காரராகவும் இருந்தால் எவ்வளவு பிரயோஜனம்! இது என் ஆசை. வேலையாகக் கிடைக்குமா என்பது நீங்கள் விசாரித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

சிவகாசிப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம். ஓர் அறையில் அனுமதித்ததைவிட அதிக ஆள், அதிக மருந்து, வெயிலுக்கு மரத்தடியில் உட்கார்ந்து வேலை என்று பட்டாசு விபத்து விசாரணைகளில் வந்ததே திரும்பத் திரும்ப வரும். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தூரம் என்பதில் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பட்டாசு மருந்தின் குணம் மட்டும் வேறு. லேசான உரசல் போதும், அதைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் பயிற்சி மையம் அங்கேயே இருக்கிறது.

கண்ணிவெடி வேலையைப் பற்றி. நம் கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், போர் முடிந்த பிறகு ஹொரைசன், சர்வத்ரா என்ற இந்திய அமைப்புகளின் மூலம் முன்னாள் சாப்பர்கள் போய் எடுத்திருக்கிறார்கள். இன்று அங்கே முகமாலை மாதிரி இடங்களில் குனிந்து மண்ணைச் சுரண்டுகிறவர்கள் உள்ளூர்த் தமிழர்கள், பாதிக்குப் பாதி பெண்கள் என்று சொல்லும் அளவுக்கு. அது அவர்கள் வேலை, அவர்களுக்கே இருக்கட்டும். மற்ற நாடுகளுக்கு வெளியாளாகப் போகிறவருக்கு மேற்பார்வை வேலையோ பயிற்சி கொடுக்கிற வேலையோதான் இருக்கும். அதற்கு ஐமாஸ் என்கிற சர்வதேச விதிகளின்படி இ.ஓ.டி. (வெடிபொருள் அகற்றும் தகுதி) லெவல் என்ன என்று கேட்பார்கள். ராணுவக் கோர்ஸ் சான்றிதழைக் காட்டினால் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பி டிக்கெட் போட வேண்டாம். நண்பரிடம் அவர் எந்த லெவல், எங்கே முடித்தார், செலவு யாருடையது, இன்சூரன்ஸ் யார் பேரில் என்று கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வருமா என்பதும் அதே அளவு முக்கியம்.

பாங்க் கன்மேன் வேலையில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சல் ஊர் மேல்தான். பட்டாளத்துக்காரர் என்றால் ஒன்று கேட்டில் நிற்க வேண்டும், இல்லை கேண்டீன் கோட்டாவைப் பங்கு வைக்க வேண்டும், அதற்கு மேல் ஊருக்குத் தோன்றாது. பதினைந்து வருட சர்வீஸும் மெட்ரிக் படிப்பும் ராணுவக் கல்விச் சான்றிதழும் இருந்தால், தொழில்நுட்பத் தகுதி கேட்காத மத்திய அரசு குரூப் சி வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக உங்களை எடுத்துக்கொள்வார்கள். பாங்க் என்றால் துப்பாக்கியோடு நிற்கிற வேலை ஒன்றுதானா? கிளர்க் தேர்விலும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு இருக்கிறது. வெளியே வருவதற்கு முன்பே டி.ஜி.ஆர். என்கிற ராணுவ மறுவாழ்வு இயக்குநரகம் நடத்துகிற கோர்ஸ்களில் தொழிலகப் பாதுகாப்பு சம்பந்தமாக எது இருக்கிறது என்று யூனிட் ஆபீஸில் இப்போதே கேளுங்கள். மார்ச் வந்த பிறகு கேட்டால் பிந்திவிடும். விண்ணப்பத்தில் நீங்கள் செயலிழக்க வைத்த பொருட்களின் விவரம் வேண்டாம். ரகசியச் சட்டம் ஒருபுறம், படிக்கிற எச்.ஆர். பெண்ணுக்கு அது புரியவும் செய்யாது. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், மேகசின் (வெடிமருந்துக் கிடங்கு) ஸ்டாக் எத்தனை வருடம் உங்கள் பொறுப்பில் இருந்தது, ஆடிட்டில் கணக்கு நேரானதா என்று எழுதுங்கள்.

வாகையடி முக்குப் பையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பழக்கம் லேசில் போகாது. தூக்கம் வராதது மட்டும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் முன்னாள் படைவீரருக்கான இ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் எத்தனை நாளைக்குப் பாலம் கட்டுவீர்கள்? பாங்குக்குப் போனாலும் குவாரிக்குப் போனாலும், விண்ணப்பம் எழுதும்போது மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்பதை மச்சினன் வாயால் தெரிந்துகொள்வது அவர்களுக்கு நியாயமில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. மத்திய அரசு வேலையில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால், பிறகு அந்த ஒதுக்கீட்டை இன்னொரு தடவை கேட்க முடியாது. சேர்வதற்கு முன் எத்தனை இடத்துக்கு வேண்டுமானாலும் போடலாம். முதலில் கிடைத்த வேலையில் சேருகிற அன்றே, ஏற்கெனவே போட்டிருக்கிற மற்ற விண்ணப்பங்களின் பட்டியலைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் ஒதுக்கீடு போகாமல் இருக்கும்.

அன்புடன்,
அண்ணாச்சி