ஆறு பேர் கட்சிக்குத் தனிக் கட்டுரையா?

கேள்வி: எங்கள் மாவட்ட வரலாற்றுக் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரைத் தலைப்புகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம். 'காமன்வீல் கட்சி' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு பொதுத்தேர்தல், ஆறு எம்.எல்.ஏ.க்கள், அப்புறம் ஆளையே காணோம். போதாக்குறைக்கு அது சாதிக் கட்சி. இதற்கு இடம் கொடுத்தால் நாளை லெட்டர்பேட் கட்சிகளெல்லாம் வரிசையில் வந்து நிற்காதா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: ஆறு பேர் என்று அலட்சியமாகச் சொல்கிறீர்கள். அந்த ஆறு பேர் எப்போது ஆறு பேராக இருந்தார்கள் என்று பார்த்தீர்களா?

1952இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மைக்கு இன்னும் முப்பத்தாறு பேர் வேண்டும். எதிரே கம்யூனிஸ்டுகளையும் சேர்த்துக்கொண்டு, ஆட்சி தங்களுக்கே என்று ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் ஓர் அணி நின்றது. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியைக் கூப்பிட்டு மேலவைக்கு நியமித்து முதலமைச்சர் ஆக்கினார்கள். அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, காமன்வீல் தலைவர் எம்.ஏ.மாணிக்கவேலு நாயக்கரை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டது. இந்தக் கட்சியைத் தூக்கிவிட்டு அந்த மந்திரிசபை எப்படி அமைந்தது என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். எழுத வராது.

இன்னொன்று. அந்தத் தேர்தலில் தி.மு.க. நிற்கவில்லை. திராவிட நாடு கோரிக்கைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வேட்பாளர்களை ஆதரித்தது. காமன்வீல்காரர்களுக்கும் இன்னொரு வன்னியர் கட்சியான உழைப்பாளர் கட்சிக்காரர்களுக்கும் அந்த ஆதரவு கிடைத்தது. அப்படிக் காங்கிரசை எதிர்த்து ஜெயித்துவந்த காமன்வீல்காரர்கள் காங்கிரஸ் மந்திரிசபைக்கே முட்டுக்கொடுத்தார்கள். பிற்காலக் கூட்டணிக் கூத்துகளுக்கெல்லாம் ஒத்திகை அங்கேயே நடந்துவிட்டது என்பேன். போதாதென்று நாடாளுமன்றத்திலும் இந்தக் கட்சிக்கு மூன்று பேர் இருந்தார்கள்.

இடங்களை எண்ணித்தான் முடிவு செய்வோம் என்றால் ஈ.வெ.கி.சம்பத்தின் தமிழ் தேசியக் கட்சியை என்ன செய்வீர்கள்? 1961இல் தி.மு.க.விலிருந்து பிரிந்து தொடங்கியது. கண்ணதாசனும் கூடப் போனார். 1962 தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 1964இல் காங்கிரசில் கரைந்துவிட்டது. பூஜ்யம்தான். ஆனால் தி.மு.க.வின் முதல் பெரிய பிளவை அதைச் சொல்லாமல் சொல்ல முடியுமா?

லெட்டர்பேட் பயம் நியாயமானது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு ஆண்டுகளாக ஒரு தேர்தலிலும் நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையமே பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த மாதிரிக் கட்சிக்காக யாராவது வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்? பொன்விழா மலரையும் தலைவரின் பேரன் கொடுத்த பேட்டியையும் நீட்டினால், மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். காமன்வீல் இந்தக் கேள்வியில் தேறிவிடும். தேர்தல் ஆணைய அறிக்கையில் இருக்கிறது, சட்டசபை நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது, அன்றைய நாளிதழ்களில் இருக்கிறது. சாதிச் சங்கம் ஒன்று எப்படிக் கட்சியாகிறது என்பதற்கு உதாரணமாக ருடால்ஃப் தம்பதி என்ற அமெரிக்க அரசியல் அறிஞர்கள் 1960களிலேயே இந்தக் கதையை எடுத்து எழுதினார்கள். சிகாகோவிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது திண்டிவனத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்றால் என்ன சொல்ல!

சாதிக் கட்சி என்ற ஆட்சேபணைதான் எனக்கு விளங்கவில்லை. கலைக்களஞ்சியத்தில் சேர்ப்பது பொன்னாடை போர்த்துவதா? வன்னியர் சங்க அரசியலிலிருந்து பிறந்த கட்சி என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். யாருடைய வாக்கை நம்பி நின்றது, ஜெயித்த பிறகு அவர்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தது என்பதையும் எழுதுங்கள். மறைத்தால்தான் விளம்பரம்.

நீளம் ஒரு பக்கம் போதும். ஆனால் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று உழைப்பாளர் கட்சியோடு சேர்த்து ஒரே தலைப்பில் அடைத்துவிடாதீர்கள். இரண்டும் வன்னியர் கட்சிதான். ஆனால் காமன்வீலுக்கு வடஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் செல்வாக்கு, எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சிக்குத் தென்னாற்காடும் சேலமும். நாயக்கர் 1952லேயே ராஜாஜியிடம் அமைச்சராகிவிட்டார். 19 பேரை வைத்திருந்த படையாட்சி, 1954இல் காமராசர் வந்து கூப்பிடும் வரை வெளியேதான் இருந்தார்.