மாக் 3 சான்றிதழுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: ஓசூரில் சிறிய கோட்டிங் யூனிட் நடத்துகிறேன். சபையர் ஜன்னலில் நாங்கள் போடும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுக்கு மாக் 3 (ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகம்) காற்றுச் சுரங்கச் (விண்ட் டனல்) சான்றிதழ் வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். ஒரு ஏஜென்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

மாக் 3 வேகத்தில் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால், வெளியே மைனஸ் 56 டிகிரி என்றாலும் ஜன்னலின் மேற்பரப்பு 290 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்தச் சூட்டில் சபையர் ஒரு அளவு விரியும், பூச்சு வேறு அளவு விரியும், உரிவது அதனால்தான். சூடாக்காத காற்றில் ஓடும் டனலில் இது நடக்காது. தொட்டியில் அடைத்த காற்று நாசில் என்ற குறுகி விரியும் குழாயில் விரிந்து மைனஸ் 165 டிகிரிக்குப் போகும். ஜன்னலில் உரசிச் சூடேறினாலும் அறை வெப்பநிலையைத் தாண்டாது. சோதனை ஓட்டமும் சில விநாடிகள்தான். 'மாக் 3, பூச்சு உரியவில்லை' என்ற சான்றிதழ் பொய்யாக இருக்காது, ஆனால் உங்களுக்கு உதவாது.

ஏஜென்ட் காட்டும் மாதிரிச் சான்றிதழில் தேக்க வெப்பநிலை (காற்று மோதி நிற்கும்போது அடையும் சூடு) என்ற வரி இருக்கிறதா பாருங்கள். பூச்சுப் பக்கம் காற்றைப் பார்த்திருந்ததா, எந்த பேட்ச் துண்டு என்றும் கேளுங்கள். வேறொருவர் மாடலுக்கு நடக்கும் ஓட்டத்தில் உங்கள் துண்டைச் சுவரோரம் பதித்துவிட்டு முழுக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு.

ஒரு இடத்தில் மட்டும் டனல் அவசியம். ஓட்டம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் அதிர்வலை (காற்றழுத்தம் சட்டென எகிறும் அலை) ஜன்னலைக் கடக்கும். முழு ஓட்டத்திலும் மோசமான விசை பெரும்பாலும் அப்போதுதான். அகலமான, மெல்லிய ஜன்னல் அந்த நேரம் வளையும், சட்டத்தை ஒட்டிய விளிம்பில் பூச்சு வெடிக்கலாம். உங்களுடையது அப்படிப்பட்டதென்றால் செலவழியுங்கள். ஆனால் நிஜச் சட்டத்தில், அதே கேஸ்கெட்டோடு, அதே அளவு முறுக்கிய திருகுகளோடு பொருத்துங்கள். எபாக்சியில் ஒட்டிய காசளவு துண்டு வளையவே வளையாது. பக்கத்தில் பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடி ஒன்றையும் வையுங்கள். குழாய்த் துரு பட்டு அதிலும் புள்ளி விழுந்தால், பழி உங்கள் பூச்சின் மேல் வராது.

மற்றபடி செய்ய வேண்டிய சோதனைகள்: டேப் ஒட்டி உரிப்பது, 24 மணி நேர ஈரப்பதம், ரப்பர் தேய்ப்பு, அப்புறம் 300 டிகிரி சூட்டடுப்பில் வைப்பது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அதே இடத்தில் ஒளி ஊடுருவலை அளந்து வையுங்கள். மழைத்துளி அடியைப் பூச்சு தாங்குமா என்று பார்க்க, துண்டைச் சுழலும் கையில் பொருத்தித் துளிகளில் மோதவிடும் இயந்திரம் வேறு.

வாடிக்கையாளரின் டெண்டரில் மாக் 3 சான்றிதழ் கேட்கும் அந்த வரி பழைய டெண்டரிலிருந்து காப்பி அடித்ததாகத்தான் இருக்கும். விளக்கம் கேட்டால் நாலு மேசை தாண்டித்தான் பதில் வரும். இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள்: எந்த உயரம், மேற்பரப்பில் எத்தனை டிகிரி, எத்தனை விநாடி? பதில் வரும்வரை ஏஜென்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.