மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குத் தனியார் அம்புலன்ஸ்: காசு பேசும் முன் என்ன கேட்க வேண்டும்?

பக்கவாதம் வந்த அப்பாவைக் கொழும்புக்குத் தனியார் அம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டும், எதைப் பார்த்து வண்டி பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அரச ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். இப்படிப் போகும் நோயாளிகளை வண்டி ஏற்றிவிட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

திடீர் நெஞ்சுவலி, விபத்து, மூச்சுத்திணறல் என்றால் தனியார் வண்டி தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். 1990 க்கு அடியுங்கள். அது சுவசெரிய என்ற அரச அம்புலன்ஸ் சேவை, அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. உங்களுடையது நாள் குறித்துப் போகும் பயணம், அதனால் விசாரிக்க அவகாசம் இருக்கிறது.

முதல் கேள்வி, "பின்னால் அப்பாவோடு யார் இருப்பார்?" சாரதியும் ஒரு உதவியாளும் முன்சீட்டில் இருந்து போவார்கள் என்றால் அது ஸ்ட்ரெச்சர் போட்ட வான், அவ்வளவுதான். பக்கவாதக்காரர் பலருக்கு விழுங்குவது கஷ்டம். வழியில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகலாம். உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து, சக்ஷன் மெஷினால் உறிஞ்சத் தெரிந்த ஒருவர் தலைமாட்டில் இருந்தே ஆக வேண்டும். மெஷினை உங்கள் கண்முன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பற்றரியிலும் அது ஓட வேண்டும்.

அடுத்தது ஒக்சிசன். "ஃபுல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்பார்கள். அதை நம்பி ஏறாதீர்கள், கணக்குப் பாருங்கள். 10 லீட்டர் சிலிண்டரில் மீட்டர் 150 பார் (அழுத்த அளவு) காட்டினால், இரண்டையும் பெருக்கி, உள்ளே இருப்பது ஏறக்குறைய 1500 லீட்டர் ஒக்சிசன். நிமிடத்துக்கு 5 லீட்டர் போனால் 5 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல். 6, 7 மணித்தியாலம் எடுக்கும், வழியில் தாமதமானால் இன்னும் கூடும். ஆகவே இரண்டாவது சிலிண்டர் கட்டாயம். அதுவும் பட்டி போட்டு இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். சடுதியாகப் பிரேக் அடித்தால் உருண்டுவந்து ஆளையே அடிக்கும். ஸ்ட்ரெச்சர் தரையில் பூட்டுகிறதா, தோள்பட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். மெத்தையின் றெக்சின் கிழிந்து ஸ்பொஞ்ச் தெரிந்தால் அதைத் தொற்றுநீக்கித் துடைக்கவே முடியாது. வேறு வண்டி பாருங்கள்.

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லவும் கூச்சப்பட வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்யும் ஒழுங்குபடுத்தல் பேரவை, தனியார் அம்புலன்ஸ் சேவைகளையும் பதிகிறது. இந்த வருடத்துக்குரியதா என்று திகதியைப் பாருங்கள். சைரனையும் சிவப்பு எழுத்தையும் மட்டும் பார்த்து நம்ப வேண்டாம்.

அவசரமில்லை என்றால் விடியற்காலையில் புறப்படுங்கள். வெலிக்கந்தை, மின்னேரியா, ஹபரணைப் பக்கம் இரவில் யானை ரோட்டுக்கு வரும். இரவோடு இரவாக ஒரே சாரதி போய்த் திரும்புவதை நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். காத்திருப்புக் காசு, ஒக்சிசன் காசு எல்லாம் சேர்த்து மொத்தத்தை எழுதி வாங்குங்கள்.

டொக்டரின் மாற்றக் கடிதம், மருந்துத் துண்டு, ஸ்கேன் படங்கள் உங்கள் கையில் இருக்கட்டும். அங்கே கட்டில் ஒதுக்கியாயிற்றா என்று வாட்டோடு பேசி உறுதிப்படுத்திய பிறகே ஏற்றுங்கள்.

அப்பாவுக்கு இப்போது ஒக்சிசன் எவ்வளவு போகிறது, மூக்கால் சாப்பாட்டுக் குழாய் போட்டிருக்கிறதா என்று எழுதுங்கள். குழாய் என்றால், புறப்படும் முன் எப்போது சாப்பாடு நிறுத்துவது என்பதை வாட்டு மிஸ்ஸிடம் இன்றே கேட்டு வையுங்கள்.