தொட்டால்தான் தெரியும்: வெயில் பட்ட தோல், கேள்வி பதில்

பினாங்கில் தோல் நோய்ப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட தோலில் சொரசொரப்பாக ஒரு திட்டு வரும். ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்பார்கள். சிலருக்கு அது பின்னாளில் புற்றுநோயாக மாறலாம். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூலிலிருந்து: அம்மாவுக்கு 66 வயசு. கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் கடுகு கடுகா கறுப்பா முளைச்சிருக்கு. வெயில்ல வந்தது, கேன்சர் ஆயிடும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க.

பக்கத்து வீட்டை விடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், நம்மைப் போன்ற கறுத்த தோலில் சர்வ சாதாரணமாக வரும் டெர்மட்டோசிஸ் பாப்புலோசா நைக்ரா போலத் தெரிகிறது. குடும்பவாகு அது. உங்கள் பாட்டியின் பழைய படத்தைப் பாருங்கள், அவர் கன்னத்திலும் இருக்கலாம். அது புற்றுநோயாக மாறாது. ஆனால் சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து வைத்துச் சுட்டுவிடாதீர்கள். அப்படிச் சுட்டுக்கொண்டு தழும்போடு வந்தவர்கள் எத்தனையோ பேர். உண்மையான ஆக்டினிக் கெரட்டோசிஸ் நம் தோலில் அபூர்வம். நிறமி கொஞ்சம் குடை பிடிக்கிறது.

பாலிக் பூலாவிலிருந்து: என் மாமனார் சீனர், 74 வயது. 40 வருஷமாக டுரியான் தோட்டம். வழுக்கைத் தலையில் ஒரு இடம் சொரசொரவென்று இருக்கிறது. கிள்ளினால் உதிர்கிறது, மறுபடி வருகிறது.

இதற்குத்தான் காத்திருந்தேன்! கண்ணுக்கு லேசான சிவப்பு, விரலுக்கு உப்புத்தாள். பல நேரம் பார்ப்பதைவிடத் தடவித்தான் கண்டுபிடிப்போம். காது மடல், நெற்றி, புறங்கை, கீழ் உதடு எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். ஒன்று இருந்தால் இன்னும் நாலு ஒளிந்திருக்கும், ஏனென்றால் அந்தத் தோல் முழுவதும் அதே வெயிலைத்தான் வாங்கியிருக்கிறது.

பயப்பட வேண்டாம். பெரும்பாலான திட்டுகள் புற்றுநோயாவதில்லை, சில தானாகவே மறையும். எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் வைத்தியம் செய்கிறோம். ஒன்றிரண்டு என்றால் மைனஸ் 196 பாகையில் இருக்கும் திரவ நைட்ரஜனைச் சில வினாடி தெளிப்பார்கள். சுருக்கென்று எரியும், கொப்புளம் வந்து உதிரும். நிறைய இருந்தால் களிம்பு. திட்டு தடித்தாலோ, அடியில் கெட்டியானாலோ, வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ தள்ளிப் போடாமல் காட்டுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார கிளினிக்கில், சொன்னால் தோல் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். மாமனார் தொப்பி போடுவாரா? முன்பக்கம் மட்டும் மறைக்கும் தொப்பி போதாது, காது தெரியாத அளவுக்கு அகல விளிம்பு வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: எனக்குப் பிறவியிலேயே தோலில் நிறமி கிடையாது. நெற்றியில் இந்தத் திட்டுக்கு ஃபுளோரோயூராசில் களிம்பு கொடுத்தார்கள். பத்தாவது நாள் முகம் சிவந்து புண்ணாகிவிட்டது. நிறுத்திவிடட்டுமா அக்கா?

தங்கச்சி, அந்தச் சிவப்புதான் களிம்பு வேலை செய்வதற்கு அடையாளம். கெட்ட அணுக்களைத் தேடிப் போய் அழிக்கிறது. இரண்டு முதல் நான்கு வாரம் வரை இப்படித்தான் அசிங்கமாக இருக்கும், பிறகு ஆறிவிடும். சீழ், காய்ச்சல், தாங்க முடியாத வலி இருந்தால் மட்டும் உடனே போங்கள். நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்குக்குப் போன் செய்து கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால் இந்தக் களிம்பு ஆகவே ஆகாது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் நக்க விடாதீர்கள், அதன் உயிருக்கே ஆபத்து. உங்கள் தோலுக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் ஆயுளுக்கும் வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து: பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் சாப்பிடுகிறேன். இதனால் தோல் புற்றுநோய் வருமாமே?

டென்மார்க்கில், வெள்ளைத் தோல்காரர்களிடம், நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கு அந்தத் தொடர்பைக் கண்டார்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். பக்கவாதம் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

கெப்போங்கிலிருந்து: மோட்டாரில் சாப்பாடு டெலிவரி. எந்த நேர வெயில் மோசம்?

பன்னிரண்டு மணி என்று நினைத்திருப்பீர்கள். 1982 சனவரி 1 அன்று தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணி வாக்கில். பதினொன்று முதல் மூன்றரை வரை கொடுமை. நம் ஊர்க்காரர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கைக்கு அது நல்லது. புறங்கைக்குக் கையுறை மாட்டுங்கள் தம்பி.

நிபோங் திபாலிலிருந்து: அம்மாவுக்குச் சின்ன வயதில் தோட்டத்தில் கஞ்சி கொட்டிக் காலில் வெந்த வடு. அதன் மேல் ஒரு புண், ஆறு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை என்று மருந்து கட்டுகிறார்கள். வெயில் படாத இடம்தானே?

வெயில் படாத இடம் என்பதால்தான் எனக்குக் கவலை. ஆக்டினிக் கெரட்டோசிஸ் மாறக்கூடிய அதே வகைத் தோல் புற்றுநோய் நம்மவர்களுக்கு வந்தால், பழைய தீக்காய வடுவிலும் ஆறாத புண்ணிலும்தான் அதிகம் பார்க்கிறோம். மார்ஜோலின் புண் என்பார்கள். வெந்த காயத்துக்கு முப்பது வருஷம் கழித்துக்கூட வரும். நிறமி அணுக்களில் தொடங்கும் தோல் புற்றுநோயான கறுப்பு மெலனோமாவும் அப்படித்தான், நம்மவர்களுக்கு வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும். 1981இல் 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. உங்கள் அம்மாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, சர்க்கரைப் புண்ணாகவும் இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் அதிகம். இந்த வாரமே கூட்டிப் போங்கள். கட்டை மட்டும் மாற்றி அனுப்பினால், "புண்ணின் ஓரத்தில் சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டீர்களா, டாக்டர்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.