பி.இ. சீட்டா, பீங்கான் கிண்ணமா?

போன சனிக்கிழமை, மேற்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, பன்னிரண்டாவது படிக்கும் பெண். கோயம்புத்தூர் பெரியப்பா போனில். "கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டாவுல பேசியாச்சு சார். இவ பானை செய்யப் போறேங்கறா. நீங்களே புத்தி சொல்லுங்க."

அம்மா அழுதுகொண்டிருந்ததால் "கவலைப்படாதீங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தேன். அதற்குள் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் மோதிரம் போல ஒரு வளையம், உள்ளே குழிவாகச் சீவியிருந்தது. வெளிப்புறம் முழுக்கத் தாமரை இதழ். வனைந்த மறுநாள், விரல் பட்டால் அமுங்காமலும் நகம் பட்டால் கீறல் விழும்படியும் மண் இறுகியிருக்கும்போது, சக்கரத்தில் கவிழ்த்து நடுவில் நிறுத்தி, வளைந்த கம்பிக் கருவியால் அடியைச் சீவ வேண்டும். ஈரம் அதிகமென்றால் கிண்ணம் கோணிவிடும். காய்ந்துவிட்டால் கருவி துள்ளி வரிவரியாகத் தடம் விழும். "எவ்வளவு சீவறதுன்னு எப்படித் தெரியும்?" என்றேன். "தட்டிப் பார்ப்பேன் அங்கிள். சத்தம் மாறும்." முதல் இரண்டு கிண்ணத்தில் இதழ் செதுக்கும்போது ஓட்டை விழுந்ததாம். மூன்றாவதை வேண்டுமென்றே தடிமனாக வனைந்திருக்கிறாள். தன் தப்புக்குத் தானே காரணம் கண்டுபிடிக்கிற பிள்ளை என்னிடம் அபூர்வமாகத்தான் வரும்.

அப்பாவிடம் கணக்குப் போட்டேன். 18 லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, பத்து வருஷம்: மாதம் 24,000-க்கு மேல். விருப்பமே இல்லாத படிப்புக்கு. "ஜாமீன் கையெழுத்து நீங்க போடறீங்களா?" என்று பெரியப்பாவைக் கேட்டேன். சிக்னல் சரியில்லை என்றார். அந்தச் சீட்டு வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

அகமதாபாத் என்.ஐ.டி.யில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) பீங்கான், கண்ணாடி வடிவமைப்புக்கென்றே பி.டெஸ். என்ற நாலு வருஷ வடிவமைப்புப் பட்டப்படிப்பு இருக்கிறது. பன்னிரண்டாவதில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் நுழைவுத் தேர்வு எழுதலாம். முதலில் எழுத்தும் வரைதலும். அதில் தேறினால் கையால் செய்துகாட்டும் தேர்வு. இவள் கை அங்கே பேசும். படித்தால் பட்டறை மட்டும்தான் என்றில்லை. டைல்ஸ், சானிட்டரி வேர், டேபிள்வேர் கம்பெனிகளுக்கும் வடிவமைக்க ஆள் வேண்டும். அங்கேயும் செலவு பல லட்சம் வரும், மறைக்கவில்லை. கிடைக்காவிட்டால் அதற்காகத் தனியார் டிசைன் கல்லூரிக்குக் கடன் வாங்காதீர்கள். நம் மாநிலத்திலேயே, பெலகாவி மாவட்டம் கானாபூரில், காதி கிராமத் தொழில் ஆணையத்தின் மட்பாண்டப் பயிற்சி நிலையம் இருக்கிறது. சாதாரண பட்டப்படிப்பு ஒன்றில் சேர்த்துவிட்டு, அங்கே என்னென்ன பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள்.

வருமானம்? முதல் சில வருஷம் சொற்பம்தான். ஒரு நாள் மகளோடு நம் ஊர்க் குயவர் பகுதியான பாட்டரி டவுனுக்குப் போய், சூளை வைத்திருப்பவர்களிடமே கேளுங்கள். மண் சீக்கிரம் காயாத மழைக்காலத்தில் போனால் இன்னும் உண்மை தெரியும்.

பெண்ணுக்கும் ஒன்று சொன்னேன். சொந்தச் சக்கரம், சூளை எதையும் இப்போது அப்பாவைக் கேட்காதே. வாடகைப் பட்டறையிலேயே பழகு. காய்ந்த சீவல் தூளைத் துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. அதிலிருக்கும் சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது.