எந்த வண்டி என்று கைக்குத் தெரிய வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களின் வகைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இரு சக்கர வண்டியை விட்டுவிடாமல் மூன்று சக்கர வண்டியையும் வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் எழுதியவை. நானும் அந்த இனத்தைச் சேர்ந்தவன் என்பதால் இம்முறை பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: இருபது ஆண்டுகளாக இரு சக்கர மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். அண்மையில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டு சக்கரங்களும் உள்ள வண்டி ஒன்றை வாங்கினேன். முதல் நாள், முதல் வலது வளைவிலேயே வண்டி நான் நினைத்த பக்கம் திரும்பாமல் சாலையின் இடது ஓரத்தை நோக்கி ஓடியது. குறை வண்டியிலா, என்னிடமா?

குறை இரண்டிலும் இல்லை. இருபது ஆண்டுகளாகச் சரியாகச் செய்துவந்த வேலையை உங்கள் கைகள் அன்றும் அப்படியே செய்தன. அவை பிடித்திருந்த வண்டிதான் வேறு.

இரு சக்கர வண்டி நடைவேகத்தைத் தாண்டி, ஏறத்தாழ மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது, அதை வலப்பக்கம் திருப்ப வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பி, தரையைத் தொடும் சக்கரங்கள் இடப்புறம் விலகிப்போக, வண்டியின் மேல்பாகமும் ஓட்டுநரும் வலப்புறம் சாய்கிறார்கள். சாய்ந்த பிறகு முன்சக்கரம் தானாகவே வலப்பக்கம் திரும்பி அந்தச் சாய்வைத் தாங்கிக்கொள்கிறது. இதைச் சொன்னால் பல ஆண்டுகள் ஓட்டியவர்களில் பாதிப்பேர், 'நான் அப்படிச் செய்வதே இல்லை, உடலைச் சாய்த்துத்தான் திருப்புகிறேன்' என்று வாதிடுவார்கள். அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்; உடலைச் சாய்க்கும்போது உள்பக்கக் கை தன்னையறியாமல் கைப்பிடியைத் தள்ளிவிடுகிறது.

சாயாத மூன்று சக்கர வண்டிக்கு இந்த நாடகம் எதுவும் கிடையாது. வலது கைப்பிடியைத் தள்ளினால் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பும், வண்டியும் இடப்பக்கமே போகும். உங்களுக்கு நடந்தது இதுதான். வண்டி வெளியே போவதைக் கண்டு கை பதறி, பழக்கத்தால் இன்னும் பலமாகத் தள்ளியிருக்கும். அதனால் இன்னும் வெளியே போயிருக்கும். உடல் உணர்வும் சேர்ந்து ஏமாற்றும். இரு சக்கர வண்டி வளைவில் சாய்வதால், வெளியே தள்ளும் விசையும் உடல் எடையும் சேர்ந்து இருக்கைக்குள் நேராக இறங்குகின்றன. சாயாத வண்டியில் அந்த விசை உங்களைப் பக்கவாட்டில் தூக்கி எறியப் பார்க்கும். விழாமலிருக்க ஹேண்டில்பாரைப் பற்றித் தொங்கினால், அந்தத் தொங்கலே வண்டியைத் திருப்பிவிடும். ஆகவே முழங்கால்களால் பெட்ரோல் டாங்கை இறுக்கிக்கொண்டு, உடலை வளைவின் உட்பக்கம் சாய்த்து, கைகளைத் திருப்புகிற வேலைக்கு மட்டும் விட்டுவையுங்கள்.

இரண்டையும் ஓட்டலாமா என்றால், தாராளமாக ஓட்டலாம். என் அனுபவத்தில், எந்த வண்டியையும் தொடர்ந்து ஓட்டும்போது ஆபத்து அதிகமில்லை. ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறிய முதல் பத்து நிமிடங்கள்தாம் மோசமானவை. மூளை மாறிவிடும், கை மாறாது. நான் இரண்டு வண்டிகளுக்கும் வெவ்வேறு கையுறைகள் வைத்திருக்கிறேன்: ஒன்று மெல்லிய தோல், மற்றது தடித்த துணி. வீட்டில் இதைக் கேலி செய்கிறார்கள் என்றாலும், கைப்பிடியைத் தொட்டவுடன் எந்த வண்டி என்று விரல்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு வண்டி மாறும்போது, ஆளில்லாத திறந்தவெளியில் 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் இரு பக்கமும் எட்டுப் போட்டு, இரண்டு முறை பலமாக பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே சாலைக்குச் செல்கிறேன்.

கேள்வி: மூன்று சக்கர வண்டியிலிருந்து மீண்டும் இரு சக்கர வண்டிக்கு மாறும்போது கவனிக்க வேண்டியது என்ன?

கால். சிக்னலில் நிற்கும்போது காலை ஊன்ற வேண்டும் என்பதே மறந்துபோகும். மூன்று வாரம் மூன்று சக்கர வண்டியை மட்டும் ஓட்டிவிட்டு, ஒரு காலைப்பொழுதில் இரு சக்கர வண்டியை ஒழுங்காக நிறுத்தி, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, இரு கால்களையும் கால்தாங்கியில் வைத்தபடியே கம்பீரமாகப் பக்கவாட்டில் சரிந்திருக்கிறேன். அடி மானத்தில் மட்டும்தான்.

எதிர்த்திசையில் இதே பழக்கம் உண்மையான காயத்தைத் தரும். பின்னால் இரண்டு சக்கரங்கள் உள்ள வண்டியில், நிற்கப்போகும் தருணத்தில் இரு சக்கர வண்டி நினைப்பில் காலைத் தரையில் வைத்தால், நம் காலுக்கு நேர் பின்னால் வரும் சக்கரம் குதிகாலின் மேல் ஏறிவிடும். வண்டி முழுவதுமாக நின்று, பார்க்கிங் பிரேக் போடும் வரை கால் தரையைத் தொடக் கூடாது. பார்க்கிங் பிரேக்கும் மறக்கக்கூடியதே: சைடு ஸ்டாண்டு போட்டுப் பழகியவர் சரிவில் இறங்கி நடந்துவிட்டால், வண்டி அவரைப் பின்தொடரும்.

கேள்வி: முன்னால் இரண்டு சக்கரமா, பின்னால் இரண்டு சக்கரமா? இரு சக்கர வண்டியும் வைத்திருப்பவருக்கு எது நல்லது?

மரபான வடிவம் பின்னால் இரண்டு. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1932 முதல் 1973 வரை தயாரித்த சர்வி-கார் இந்த வகைதான். பழுது பார்க்கும் கடைக்காரர்களுக்காகப் பிறந்து, பிறகு காவல் துறையினரின் வண்டியாகப் பெயர் பெற்றது. முன்னால் இரண்டு சக்கரம் கொண்ட வகையைப் பரவலாக அறியச் செய்தது, கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007-ல் கொண்டுவந்த கேன்-ஆம் ஸ்பைடர்.

தோற்றத்தை விட்டுவிட்டுக் கவிழும் கணக்கைப் பார்ப்போம். மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டியின் எடை குவியும் புள்ளி அந்த முக்கோணத்தின் அகலமான பக்கத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, வண்டி அவ்வளவு உறுதியாக நிற்கும். பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டியில் அந்தப் புள்ளி, பின்னச்சிலிருந்து முன்னச்சுவரையிலான தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அகலமுள்ள நான்கு சக்கர வண்டிக்குக் கிடைக்கும் ஆதாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இதற்குக் கிடைக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்து பிரேக் பிடித்தால், எடை முன்னோக்கி, அதாவது முக்கோணத்தின் கூர்முனையை நோக்கி நகரும். உள்பக்கப் பின்சக்கரம் எழும்பப் பார்க்கும். முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால் இது தலைகீழ்: பிரேக் பிடிக்கும்போது எடை அகலமான பக்கத்துக்குப் போவதால் வண்டி மேலும் நிலைகொள்ளும், வளைவில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போதுதான் எச்சரிக்கை தேவை.

வளைவில் பயந்தவர் பிரேக்கைத்தான் பிடிப்பார், ஆக்ஸிலரேட்டரை முறுக்கமாட்டார். அந்த மனித இயல்பை வைத்துப் பார்த்தால், இரண்டு வகை வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டுபவருக்கு முன்னால் இரண்டு சக்கரம் கொண்டதையே பரிந்துரைப்பேன். ஸ்பைடரில் வண்டி கவிழாமல் தடுக்கும் மின்னணு ஏற்பாடும் உண்டு. ஆனால் அதில் கையால் பிடிக்கும் முன் பிரேக் கிடையாது. மூன்று சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே கால் பிரேக்தான். நெருக்கடியில் உங்கள் வலக்கை விரல்கள் இல்லாத நெம்புகோலைத் தேடும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள்.

பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டியைத்தான் விரும்புகிறீர்கள் என்றால், வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடும் ஒழுக்கம் ஒன்று போதும். பிடிவாதமாகக் கடைப்பிடித்தால் அது இரு சக்கர வண்டிக்கும் உதவும்.

கேள்வி: என் மோட்டார் சைக்கிளோடு சைடுகாரை (பக்கவாட்டில் பொருத்தும், ஒற்றைச் சக்கரமுள்ள இருக்கைப் பெட்டி) இணைத்து ஓட்டுகிறேன். வேண்டும்போது அதைக் கழற்றிவிட்டால் ஒரே வண்டி இரண்டாகப் பயன்படுமே? எதற்கு இரண்டு வாங்க வேண்டும்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைப் போல்ட்டுகளோடு கழித்திருக்கிறேன்.

சைடுகாருக்கு என்று தயாரான மோட்டார் சைக்கிள், சைடுகார் இல்லாமல் நல்ல மோட்டார் சைக்கிளாக இருப்பதில்லை. ஹேண்டில்பார் இலகுவாகத் திரும்புவதற்காக முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அமைப்பை மாற்றியிருப்பார்கள். அதே மாற்றம் தனியாக ஓடும்போது வண்டியை நிலையில்லாமல் ஆக்கும். கூடுதல் எடையை இழுப்பதற்காகப் பல்சக்கர விகிதம் மாறியிருக்கும். சாயாமலேயே ஓடியதால் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கும். அந்த டயரோடு வளைவில் சாய்ந்தால் விளிம்பில் ஏறி இறங்குவதுபோல் வண்டி திடீரென்று விழும். மீண்டும் இணைக்கும்போது சைடுகார் சக்கரத்தை மோட்டார் சைக்கிளை நோக்கிச் சற்று உள்வாங்கியும், மோட்டார் சைக்கிளை வெளிப்புறமாகச் சற்றுச் சாய்த்தும் அளந்து பொருத்த வேண்டும். அந்த அளவு தப்பினால் வண்டி நாள் முழுக்க ஒரு பக்கமாக இழுக்கும். மாலையில் தோள் வலி சாட்சி சொல்லும்.

சைடுகார் வண்டி இரு பக்கமும் ஒத்திருக்காதது என்பதையும் மறக்காதீர்கள். இடப்புறம் செல்லும் நாடுகளில் சைடுகார் இடப்பக்கமும், வலப்புறம் செல்லும் நாடுகளில் வலப்பக்கமும் இருக்கும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் பின்தங்கும் அந்தப் பாரம் வண்டியைச் சைடுகார் பக்கமாக இழுக்கும். மோட்டார் சைக்கிளில் மட்டும் பிரேக் இருந்து அதைப் பிடித்தால் எதிர்ப்பக்கம் இழுக்கும். சைடுகார் இருக்கும் பக்கமாக வேகமாகத் திரும்பினால் அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆள் இல்லாத சைடுகார் இன்னும் எளிதில் எழும்பும். எழும்பியவுடன் பதறாமல் ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, ஹேண்டில்பாரைச் சற்று நேராக்கினால் இறங்கிவிடும். அதற்குச் சாலையில் அகலம் வேண்டும் என்பதுதான் சிக்கல். கற்றுக்கொள்ளும் மாதங்களில் 30, 40 கிலோ மணல் மூட்டை ஒன்றைச் சைடுகாரில் கட்டி வையுங்கள்.

கேள்வி: சாய்ந்து ஓடும் மூன்று சக்கர வண்டிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கையின் கணக்கில் அவை இரு சக்கர வண்டிகள்தாம். பியாஜியோவின் எம்பி3 (2006), யமஹாவின் நிக்கன் (2018) இரண்டும் முன்னால் இரண்டு சக்கரங்களோடு சாய்ந்து திரும்புகிறவை. கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும். ஆகவே இரு சக்கர வண்டியோடு சேர்த்து இவற்றை ஓட்டுபவருக்கு நான் மேலே சொன்ன குழப்பம் ஏற்படாது. கூடுதல் முன்சக்கரம் தருவது ஈரச் சாலையிலும் சரளைக்கல்லிலும் பிடிமானம். நிற்கும்போது வண்டியை விழாமல் தாங்குவது அதன் வேலை இல்லை. எம்பி3-ல் நிற்கும்போது சாய்வைப் பூட்டிவிடும் ஏற்பாடு உண்டு, கால் ஊன்ற வேண்டியதில்லை. நிக்கனில் அது இல்லை. காலை ஊன்றாவிட்டால் மூன்று சக்கரமும் சேர்ந்தே விழும்.

சட்டத்தின் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களுக்கு இடையே 460 மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளி இருந்தால் அவை ஒரே சக்கரமாகவே எண்ணப்படும். ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் இத்தகைய வரையறைகளைப் பொறுத்து மாறும் என்பதால், இரண்டாவது வண்டியை வாங்குவதற்கு முன் உங்கள் உரிமம் அதற்குச் செல்லுமா என்று பாருங்கள்.

கேள்வி: மூன்று சக்கரத்துக்குத் தலைக்கவசம் தேவையா?

விழுவது மட்டுமா விபத்து? எதிரே வரும் வாகனம் உங்கள் சக்கரங்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

கேள்வி: இரண்டு வண்டியிலும் என் மனைவி பின்னால் அமர்ந்து வருகிறார். அவர் எப்படி உட்கார வேண்டும்?

இரு சக்கர வண்டியில் உங்களோடு சேர்ந்து சாய வேண்டும், உங்களை மிஞ்சி அல்ல. வளைவின் பக்கமுள்ள உங்கள் தோளுக்கு மேலாகப் பார்த்தால் உடல் தானாகவே சரியான அளவு சாயும். சாயாத மூன்று சக்கர வண்டியில் அவர் வளைவின் உட்பக்கம் தன் எடையை நகர்த்த வேண்டும். சைடுகார் பந்தயத்தில் உடன்செல்பவர் வளைவுகளில் தரையைத் தொடும் அளவுக்கு வெளியே தொங்குவது இதற்காகத்தான். 1949-ல் நடந்த முதல் சைடுகார் உலகப் போட்டியில் எரிக் ஆலிவர் வென்றபோது உடன் தொங்கியவர் டெனிஸ் ஜென்கின்சன். 1955-ல் இத்தாலியின் மில்லே மில்யா கார் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸுக்கு வழி சொல்லி வெற்றி பெறச் செய்தவரும் அவரே. உங்கள் மனைவி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வண்டி மாறும் நாளில், கிளம்பும் முன் 'இன்று சாய்கிற வண்டி' அல்லது 'இன்று சாயாத வண்டி' என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவருக்கும் உதவும், உங்கள் கைகளும் கேட்டுக்கொள்ளும்.